நின்றுபோன டீசல் எஞ்சினை மீண்டும் இயக்குவோம்

கற்பிட்டிக் குடாநாட்டில் ஆலங்குடா, நுரைச்சோலை, கண்டக்குழி என எந்தப் பக்கம் போனாலும் ஒரு காட்சியைக் காண்கிறோம். வேலியோரத்தில், ஓலைக் கொட்டிலின் கீழ், பழைய டீசல் கார் அல்லது வான் ஒன்று நிற்கும். ரயர்கள் மணலில் புதைந்திருக்கும். பின் ஆசனத்தில் கோழி அடைகாக்கும். "இது இனி ஓடுமா, ஃபாதர்?" என்று வீட்டார் கேட்பார்கள்.

நின்றுபோன ஒவ்வொரு வாகனத்துக்கும் ஒரு கதை உண்டு. 1990 ஒக்டோபரில் வட மாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் வீட்டையும் காணியையும் வாகனத்தையும் தண்ணீர்ப் பம்பையும் விட்டுவிட்டே இங்கு வந்தன. பின்னர் வெங்காயமும் மிளகாயும் செய்து, சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் வாங்கியவையே இவற்றுட் பல. 2009இல் போர் முடிந்தபின் சில குடும்பங்கள் மன்னார் மாவட்டத்தின் முசலிப் பக்கம் திரும்பிப் போய்க் காணி திருத்தத் தொடங்கின. ஒரு கால் அங்கே, ஒரு கால் இங்கே என்றாகிவிட்ட வாழ்வில் வாகனம் ஓரிடத்தில் நின்றுவிட்டது. 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தில் ஓரங்கட்டப்பட்டவையும் உண்டு.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வாகனங்களின் விலையும் ஏறியது. புதிய வாகனமோ சிறு விவசாயியின் கைக்கு எட்டாதது. ஆகவே, கொட்டிலில் நிற்பதைப் பழைய இரும்புக்குக் கொடுக்குமுன் அதை ஒழுங்காகப் பரிசோதித்துப் பார்ப்பது நன்று.

இப்பாடத்தில் நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. பல ஆண்டுகள் நின்றும் கெடாத எஞ்சின், அதை எழுப்ப முயலும் முதல் நாளின் அவசரத்தில் கெட்டுப்போகிறது.

நாம் செய்த தவறு

இதை நாம் பட்டே அறிந்தோம். ஒரு குடும்பத்தின் டொயோட்டா வான் ஆறு ஆண்டுகளாக நின்றது. வெங்காயம் கிளப்ப மூன்று வாரம் இருந்தது. சொந்த வாகனம் இருந்தால் லொறிக் கூலி மிஞ்சும் என்று வீட்டுக்கார நானா கணக்குப் போட்டார். நாமும் உற்சாகமாக உதவிக்குப் போனோம். புதிய பற்றரி போட்டும் எஞ்சின் பிடிக்கவில்லை. "உழவு இயந்திரத்தில் கட்டி இழுப்போம்" என்று சொன்னவர்கள் நாம்தான். இழுத்தோம். இரண்டு முறை புகை வந்தது. மூன்றாம் முறை 'டக்' என்று ஒரு சத்தம். அதோடு எல்லாம் நின்றது.

கழற்றிப் பார்த்தபோது, காய்ந்து வெடித்திருந்த டைமிங் பெல்ட்டின் பற்கள் உரிந்திருந்தன. வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்திருந்தன. ஒரு பெல்ட்டின் விலையோடு முடிந்திருக்க வேண்டிய வேலை, எஞ்சினின் தலையைக் கழற்றும் வேலையாயிற்று. அந்தப் போக வெங்காயம் கூலி லொறியிலேயே போனது. நானா எம்மைக் கடிந்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதுவே எமக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

டீசல் எஞ்சின் வேலை செய்யும் முறை

சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதைக் கண்டிருக்கிறோம். காற்றை அழுத்தினால் அது சூடேறும். ஜெர்மன் பொறியியலாளர் ருடோல்ஃப் டீசல் இந்த உண்மையைக் கொண்டே தம் எஞ்சினை அமைத்தார். 1897இல் அவ்க்ஸ்பேர்க் நகரில் அது வெற்றிகரமாகப் பரிசோதிக்கப்பட்டது. பெற்றோல் எஞ்சினில் தீப்பொறி எரிபொருளைப் பற்றவைக்கும். டீசல் எஞ்சினிலோ தீப்பொறியே இல்லை. எமது பழைய கார்களில் சிலிண்டருக்குள் காற்று இருபது மடங்கு அளவுக்கு அழுத்தப்படுகிறது. அந்தச் சூட்டில் நொசில் டீசலைத் தூவ, அது தானே பற்றிக்கொள்கிறது. ஹீற்றர் பிளக் காலையில் எழுப்புவதற்கான உதவி மட்டுமே.

எனவே எஞ்சின் பிடிக்க மூன்று வேண்டும்: காற்று கசியாத சிலிண்டர், தண்ணீரும் அழுக்கும் காற்றும் கலவாத டீசல், எஞ்சினை வேகமாகச் சுழற்றும் பற்றரி. கீழே வரும் படிகள் யாவும் இம்மூன்றையும் பாதுகாப்பதற்கே.

முதற்படி: கேளுங்கள், பாருங்கள்

ஏன் நிறுத்தினீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்ததை நிறுத்தியிருந்தால் நம்பிக்கை அதிகம். சூடேறி நின்றதானால் வேலை பெரிது. வாகனப் பதிவுப் புத்தகம் இருக்கிறதா, வருமான அனுமதிப்பத்திரத்தில் எவ்வளவு நிலுவை என்பதையும் பிரதேச செயலகத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள். பத்திரமில்லாத வாகனத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டாம்.

பின்னர் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட்டு, பொனற்றைத் திறவுங்கள். தடியால் தட்டிப் பார்த்த பிறகே கையை விட வேண்டும், பாம்பு இருக்கலாம். எயார் கிளீனர் பெட்டிக்குள் எலிக்கூடு, கடிபட்ட வயர்கள், அடைபட்ட சைலன்சர் ஆகியவற்றைத் தேடுங்கள். எமது பகுதியில் உப்புக் காற்று இருபுறமும் வீசுவதால் பற்றரியின் 'ஏர்த்' வயர், பிரேக் குழாய்கள், டீசல் தாங்கியின் மேற்பகுதி என்பன முதலில் துருப்பிடிக்கும்.

இரண்டாம் படி: ஒயில்

ஒயில் கம்பியை இழுத்துப் பாருங்கள். மட்டம் முன்பைவிட உயர்ந்திருந்தால் டீசலோ தண்ணீரோ கலந்திருக்கிறது. பால்கலந்த தேநீர் நிறமானால் அது தண்ணீர். பழைய ஒயிலை வடிக்கும்போது அடியில் தேங்கிய தண்ணீரே முதலில் வரும், கவனித்துக்கொள்ளுங்கள். புதிய ஒயிலும் புதிய ஒயில் பில்டரும் போடாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது. வடித்த ஒயிலை மணலில் ஊற்றவும் கூடாது. எமது மண்ணில் ஊற்றுவது விரைவாகக் கிணற்றுக்குப் போய்ச் சேரும்.

மூன்றாம் படி: கையால் சுற்றுங்கள்

ஹீற்றர் பிளக்குகளைக் கழற்றுங்கள். துருப்பிடித்தவை முறியும், முதல் நாள் மாலையே துருநீக்கும் எண்ணெய் விட்டு ஊறவையுங்கள். ஒவ்வொரு துவாரத்திலும் இரண்டு தேக்கரண்டி எஞ்சின் ஒயில் விட்டு ஓரிரு நாட்கள் பொறுத்திருங்கள். ஒட்டிக்கிடக்கும் பிஸ்டன் வளையங்கள் இளக இந்தப் பொறுமை அவசியம்.

டைமிங் பெல்ட்டை இப்போது பாருங்கள். இங்கு அதிகமாகக் காணப்படும் டொயோட்டா 2சி எஞ்சின் 1,974 சிசி கொண்டது. அதில் ஒரே றப்பர் பெல்ட்தான் கேம் தண்டையும் டீசல் பம்பையும் சுற்றுகிறது. ஓடிய தூரம் குறைவானாலும், ஆண்டுக்கணக்கில் நின்ற பெல்ட்டை நம்ப வேண்டாம். தெரிந்த மெக்கானிக்கைக் கொண்டு, குறிகளைச் சரியாகப் பொருத்தி, புதிய பெல்ட் போடுங்கள். பல்சக்கரத்தால் இயங்கும் எஞ்சின்களுக்கு இந்தப் பயம் இல்லை.

அதன்பின் கிராங் கப்பியின் நட்டில் நீளமான சாவி போட்டு, எஞ்சின் வழக்கமாகச் சுற்றும் திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். இரண்டு முழுச் சுற்று போக வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு வால்வும் ஒருமுறை திறந்து மூடும். இரும்பில் இரும்பு முட்டுவதுபோல் நின்றால் உடனே நிறுத்தி, காரணத்தைத் தேடுங்கள். அசையவே மறுத்தால் இன்னும் ஒயில் விட்டு, இன்னும் சில நாட்கள் பொறுங்கள். பலாத்காரமும் இழுவையும் வேண்டாம்.

நான்காம் படி: டீசல்

நின்ற தாங்கியில் தண்ணீர் அடியில் தேங்கும். தண்ணீரும் டீசலும் சேருமிடத்தில் நுண்ணுயிர்கள் பெருகிக் கறுப்புச் சளிபோல் படியும். ஆகவே தாங்கியை முழுவதும் வடித்து, கழுவி, உலர்த்துங்கள். டீசல் பில்டரைப் புதிதாகப் போடுங்கள். வெடித்த றப்பர் குழாய்களை மாற்றுங்கள். பின்பு பில்டரின் மேலுள்ள கைப்பம்பை அழுத்தி எயார் எடுங்கள்.

டீசல் பம்பை வீட்டில் கழற்ற வேண்டாம். அதன் உட்பாகங்கள் தலைமயிரைவிட நுண்ணிய இடைவெளியில் அசைபவை. அதற்கெனக் கருவி உள்ள பம்ப் வேலைக்களத்துக்கே கொண்டுபோங்கள்.

மண்ணெண்ணெய் கலப்பது பற்றியும் ஒரு சொல். 2022இல் டீசல் 400 ரூபாவைத் தாண்டியபோது மண்ணெண்ணெய் 87 ரூபாவாக இருந்தது. பலர் கலந்து ஓடினார்கள். அந்த ஆகஸ்ட்டில் மண்ணெண்ணெய் 340 ரூபா ஆனது. இலாபம் போனது, தேய்ந்த பம்புகளே மிஞ்சின. இவ்வகைப் பம்புக்கு டீசலே உராய்வு நீக்கி. மண்ணெண்ணெய்க்கு அந்த வழுவழுப்புப் போதாது.

ஐந்தாம் படி: தண்ணீரும் பற்றரியும்

றேடியேற்றரில் உள்ள துருநீரை வடித்து, தெளிவாக வரும்வரை அலசுங்கள். எமது கிணறுகளின் உவர்நீரை அதில் நிரப்பினால் உள்ளே உப்புப் படிந்து அடைக்கும். மழைநீரைப் பிடித்து, கூலன் கலந்து விடுங்கள்.

பற்றரி முழுதாகச் சார்ஜ் ஆகியிருக்க வேண்டும். வேறு வாகனத்திலிருந்து மின்சாரம் எடுப்பதானால் 12 வோல்ட் வாகனமா என்று பாருங்கள். பெரிய லொறிகள் 24 வோல்ட். சார்ஜ் ஆகும் பற்றரியிலிருந்து வெடிக்கக்கூடிய வாயு வெளிவரும். அருகில் பீடி, சிகரெட் கூடாது.

ஆறாம் படி: இயக்குதல்

வாகனத்தைத் திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள். பிள்ளைகளைத் தூர நிறுத்துங்கள். முதலில் ஹீற்றர் பிளக்குகள் போடாமல், டீசல் நிறுத்தும் வால்வின் வயரைக் கழற்றி, ஸ்டார்ட்டரால் பத்துப் பத்து விநாடியாகச் சுழற்றுங்கள். ஒயில் விளக்கு அணையும்வரை இப்படிச் செய்தால் ஒயில் எல்லா இடமும் போய்ச் சேரும். துவாரங்களுக்கு நேரே முகத்தை வைக்க வேண்டாம்.

பின்னர் பிளக்குகளைப் பூட்டி, வயரை மாட்டுங்கள். நொசில்களுக்குப் போகும் குழாய்களின் நட்டுகளை அரைச் சுற்று இளக்கிச் சுழற்றினால் குமிழி வந்து, பிறகு டீசல் வரும். இறுக்குங்கள். ஹீற்றர் கொடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள்.

இங்கே மூன்று எச்சரிக்கைகள்:

1. நொசிலில் இருந்து டீசல் சுமார் 2,000 பவுண் அழுத்தத்தில் பீறிடும். ரயரில் நாம் அடிக்கும் காற்று 30 பவுண் மட்டுமே. கசிவைக் கையால் தடவித் தேட வேண்டாம். தோலைத் துளைத்து உள்ளே போனால் காயம் சிறு புள்ளியாகத் தெரிந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

2. எஞ்சின் கட்டுக்கடங்காமல் வேகமெடுத்தால் சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் போகலாம். காற்று உள்ளே போகும் வாயை மூடத் தடித்த பலகைத் துண்டு ஒன்றைத் தயாராக வைத்திருங்கள். கையால் மூடக் கூடாது.

3. காற்று வாயில் பெற்றோல் நனைத்த துணியைப் பிடிப்பது, ஈதர் அடிப்பது போன்ற குறுக்குவழிகள் வேண்டாம். ஹீற்றர் சூடாக இருக்கையில் அவை வெடிக்கும்.

இயங்கிய பின்

ஒயில் விளக்கு சில விநாடிகளுள் அணையாவிட்டால் நிறுத்துங்கள். வெள்ளைப் புகை என்றால் டீசல் எரியவில்லை. எஞ்சின் சூடேறக் குறையும். கறுப்பு என்றால் டீசல் கூட, அல்லது காற்றுக் குறைவு. நீலம் என்றால் ஒயில் எரிகிறது. றேடியேற்றரில் ஓயாமல் குமிழி வந்தால் தலைப்பகுதியின் கஸ்கெற் போயிருக்கலாம்.

பத்து நிமிடம் ஓடியதும் நிறுத்தி, கசிவுகளைப் பாருங்கள். சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் ஒயிலை மறுபடி மாற்றுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பிரேக்கைத் திருத்தாமல் தெருவுக்கு இறங்க வேண்டாம். எஞ்சின் ஓடுகிறது என்ற மகிழ்ச்சியில் மறக்கப்படுவது இதுவே.

எப்போது கைவிடுவது?

வேலை தொடங்குமுன் குடும்பமாக உட்கார்ந்து ஓர் எல்லைத் தொகையை எழுதிவையுங்கள். ஒயில், பில்டர்கள், பெல்ட், பற்றரி, பிரேக் என்பன கட்டாயச் செலவு. இவை செய்தும் எஞ்சின் பிடிக்காவிட்டால், சிலிண்டரின் அழுத்தத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். அழுத்தம் மிகக் குறைவானால், அதற்குமேல் நகையை அடகுவைத்துச் செலவிடுவது அறிவல்ல. பாகங்களாக விற்பதிலும் வெட்கமில்லை.

எமது தவறுக்குப் பின் இன்னொரு குடும்பத்தின் காரை இதே படிகளில் எழுப்பினோம். ஒன்பது நாட்கள் சென்றன. அவற்றில் ஐந்து நாட்கள் ஒயில் ஊறுவதற்குக் காத்திருந்தவை. பத்தாம் நாள் காலை அது ஓடியது.

கலந்துரையாடலுக்கு

1. எமது கிராமத்தில் நின்றுபோன வாகனங்கள், தண்ணீர்ப் பம்புகள் எத்தனை? ஒவ்வொன்றும் ஏன் நின்றது?

2. நீளச் சாவி, பற்றரி சார்ஜர், அழுத்தம் அளக்கும் கருவி ஆகியவற்றை ஒவ்வொரு வீடும் வாங்க முடியாது. சங்கமாகச் சேர்ந்து ஒரு தொகுதி வாங்கலாமா? அதை யார் பொறுப்பில் வைப்பது?

3. விட்டுவந்த ஊருக்கும் இருக்கும் ஊருக்கும் இடையில் வாழும் குடும்பங்களின் வாகனத்தை, அவர்கள் இல்லாத மாதங்களில் இரு வாரத்துக்கு ஒருமுறை இயக்கி வைக்க அயலவர் என்ன ஏற்பாடு செய்யலாம்?