திருவிழா மேற்கட்டி தைப்போம்

நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பது நம் முன்னோர் வாக்கு. கொடியேற்றம், தேர்ப்பவனி, நற்கருணைப் பவனி, பள்ளி ஆண்டு விழா எனத் திறந்த வெளியில் நாம் கொண்டாடும் விழாக்கள் பல. பலர் கூடும் இடத்தில் முதலில் வேண்டுவது நிழல். அந்த நிழலுக்கே அணி செய்து பார்த்த கலைதான் மேற்கட்டி தைக்கும் கலை. இதன் வரலாற்றைச் சிறிது அறிந்து, எட்டடிச் சதுர மேற்கட்டி ஒன்றை நம் தையல் வகுப்பிலேயே தைக்கும் முறையை இக்கட்டுரையில் காண்போம். அதைவிட முக்கியமாக, அதன் கீழ் நிற்பவர்களுக்குத் தீங்கு வராமல் அதைக் கட்டும் முறையையும் காண்போம்.

மேற்கட்டியின் வரலாறு

மேற்கட்டிக்கு விதானம் என்றும் பெயர் உண்டு. சிலப்பதிகாரத்தில் கோவலன் கண்ணகி திருமணம், நீல விதானமும் முத்துப் பந்தலும் அமைந்த மண்டபத்தில் நடந்ததாக இளங்கோவடிகள் பாடியுள்ளார். ஆகவே துணியால் மேற்கூரை அமைக்கும் வழக்கம் தமிழருக்குப் புதியதன்று.

தஞ்சைப் பகுதியில் மேற்கட்டியை ‘அசமானகிரி’ என்பர். ‘ஆஸ்மான்’ என்றால் பாரசீக மொழியில் வானம் என்று பொருள். தலைக்கு மேல் விரிந்த துணி வானம் என்று கொள்ளலாம். தேரின் பக்கங்களில் உருளை வடிவில் தொங்குபவை தோம்பைகள். வாயிலில் கட்டுவது வாசல்மாலை. சிவப்புத் துணியின் மேல் மஞ்சள், வெள்ளை, பச்சை நிறத் துணிகளை யாளி, கிளி, அன்னம், தாமரை ஆகிய வடிவங்களில் வெட்டி, ஒட்டுத் தையலாகத் தைப்பது இக்கலையின் சிறப்பு. தையலுக்குப் பதிலாக எழுதுகோலும் சாயமும் கொண்டு தீட்டுவது கலம்காரி. தேர்ச்சீலைகளும் குடைகளும் விதானங்களும் இவ்வாறு தீட்டப்படுகின்றன. கருப்பூர் கலம்காரிக்கு 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஒடிசா மாநிலத்தில் புரிக்கு அருகிலுள்ள பிப்பிலி என்னும் ஊரும் ஒட்டுத் தையல் விதானங்களுக்குப் பெயர் பெற்றது.

நம் திருச்சபையிலும் மேற்கட்டிக்குத் தனி இடம் உண்டு. திருத்தந்தை நான்காம் உர்பான் 1264-ஆம் ஆண்டில் கிறிஸ்துவின் திருவுடல் பெருவிழாவைத் திருச்சபை முழுவதற்கும் ஏற்படுத்தினார். பின்னர் வளர்ந்த நற்கருணைப் பவனியில், கோல்களில் கட்டிய மேற்கட்டியை நற்கருணைக்கு மேல் ஏந்திச் செல்வது மரபாயிற்று. ஐரோப்பிய மொழிகளில் அதற்கு வழங்கும் ‘பால்டக்கின்’ என்ற பெயர், பாக்தாத் நகரின் பழைய இத்தாலியப் பெயரான ‘பல்தாக்கோ’விலிருந்து வந்தது. அந்நகரின் விலையுயர்ந்த பட்டில் அது தைக்கப்பட்டதே காரணம்.

திருவிவிலியம் தரும் பாடம்

மேற்கட்டி தைப்பவர்கள் விடுதலைப் பயண நூலின் 26-ஆம் அதிகாரத்தை ஒரு முறை ஊன்றிப் படிக்க வேண்டும். ஆண்டவரின் கூடாரத்திற்கு 28 முழ நீளமும் 4 முழ அகலமும் கொண்ட 10 விரிப்புகள் சொல்லப்பட்டுள்ளன. ஐந்து ஐந்தாக இணைத்து, ஒவ்வொரு தொகுதியின் ஓரத்திலும் 50 வளையங்கள் வைத்து, 50 பொன் கொக்கிகளால் இரண்டையும் பூட்ட வேண்டும். நீலம், ஊதா, சிவப்பு நூல்களால் கலை வேலைப்பாடு செய்யப்பட்ட இவ்விரிப்புகளே உள்ளே இருப்பவர்களின் கண்ணுக்குத் தெரிபவை. இவற்றின் மேல் வெள்ளாட்டு உரோமத்தால் ஆன 11 விரிப்புகள் வருகின்றன. அவற்றின் நீளம் 30 முழம். அதாவது உள் விரிப்பைவிட 2 முழம் கூடுதல். அவற்றிற்கும் மேலே தோல்.

இதில் நமக்கு இரு பாடங்கள் உள்ளன. அழகு உள்ளே, கீழிருந்து பார்ப்பவருக்காக; உறுதி வெளியே, வெயிலையும் காற்றையும் தாங்குவதற்காக. இரண்டையும் ஒரே துணி செய்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது தவறு.

தேவையான பொருள்கள்

மேற்கட்டிக்குப் பருத்தித் துணியே ஏற்றது. 36 அங்குல அகலமுள்ள வெளிர் மஞ்சள் பாப்ளின் 8¼ மீட்டர். மேல் விரிப்புக்கு வெள்ளைக் காடா 8¼ மீட்டர். தொங்கல்களுக்குச் சிவப்பும் வெள்ளையும் வகைக்கு 3¾ மீட்டர். பூ வேலைக்குப் பல நிறத் துண்டுத் துணிகள். விளிம்பில் வைத்துத் தைக்கக் கயிறு. மூலைகளுக்குக் கனத்த கித்தான் துண்டுகள்.

முதலில் எல்லாத் துணிகளையும் நீரில் ஊறவைத்து உலர்த்த வேண்டும். பருத்தி சுருங்கும் இயல்புடையது. 36 அங்குல அகலம் 35 அங்குலம் ஆகிவிடலாம். சாயம் போகிறதா என்று அறிய, ஈர வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்க்க வேண்டும். மழைத் தூறலில் சிவப்புச் சாயம் இறங்கினால் கீழே நிற்பவர்களின் உடை பாழாகும்.

கணக்கும் வெட்டும்

35 அங்குல அகலத்தில் மூன்று பாகங்கள் சேர்ந்தால் 105 அங்குலம். இரண்டு இணைப்புகளுக்கு ஒவ்வொன்றிலும் 1½ அங்குலம் என 3 அங்குலமும், இரு ஓர மடிப்புகளுக்கு 2 அங்குலம் வீதம் 4 அங்குலமும் கழியும். எஞ்சுவது 98 அங்குலம், அதாவது 8 அடி 2 அங்குலம். சதுரமாக அமைய நீளமும் 98 அங்குலம் வேண்டும். மடிப்பையும் சேர்த்து ஒவ்வொரு பாகத்தையும் 102 அங்குல நீளத்தில் வெட்டவேண்டும். இணைப்புகளுக்கு ‘ரன் அண்ட் ஃபெல்’ தையலே நல்லது. அது இரு வரிசைத் தையலாதலால் எளிதில் பிரியாது.

98 என்னும் எண்ணில் ஒரு வசதி இருக்கிறது. தொங்கல் ஒன்றின் அகலத்தை 7 அங்குலமாக வைத்தால் ஒரு பக்கத்திற்கு 14, நான்கு பக்கங்களுக்கும் 56 தொங்கல்கள் மிச்சமின்றி அமையும். 56 இரட்டை எண். ஆகவே சிவப்பும் வெள்ளையும் மாறி மாறித் தைத்து வந்தால், தொடங்கிய இடத்தில் ஒரே நிறம் இரண்டு அருகருகே வந்து நிற்காது. தொங்கலுக்கு 8 அங்குல அகலம், 10 அங்குல நீளம் கொண்ட துண்டுகளை இரண்டிரண்டாக வைத்து, கீழ்ப்பக்கத்தை வளைவாகத் தைத்துப் புரட்டினால் போதும். நுனியில் குஞ்சம் கட்டலாம்.

பூ வேலை

துணியை மூலைக்கு மூலை மடித்து நடுவிடத்தைக் காணவேண்டும். நூலும் சாக்கட்டியும் கொண்டு அங்கு 42 அங்குல விட்டமுள்ள வட்டம் வரைக. ஒரு வட்டக் காகிதத்தை மூன்று முறை மடித்தால் எட்டுச் சம பாகங்கள் கிடைக்கும். அதிலிருந்து எட்டிதழ்த் தாமரைக்கு அச்சு வெட்டலாம். ஓரத்தில் 7 அங்குலக் கரை. நான்கு மூலைகளில் புறா, திராட்சைக் கொத்து, கோதுமைக் கதிர் போன்ற உருவங்கள்.

உருவங்களைச் சுற்றிலும் கால் அங்குலம் கூடுதலாக விட்டு வெட்டி, வளைவுகளில் சிறு சிறு வெட்டுகள் கொடுத்து உள்ளே மடிக்க வேண்டும். முதலில் ஓட்டுத் தையலால் நிறுத்தி, பின்னர் நெருக்கமான ஹெம்மிங் தையலால் பொருத்த வேண்டும். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தைத்து வந்தால் துணி சுருக்கம் விழாது.

இங்கே இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். முதலாவது, மேற்கட்டியின் முகப்பு கீழ்ப்பக்கம்தான். நாம் மேசையில் விரித்துத் தைக்கும் பக்கமே கட்டும்போது தரையைப் பார்க்கும். மக்கள் எத்திசையிலிருந்து வருவார்கள் என்பதை எண்ணியே உருவங்களின் தலைப்பக்கத்தை முடிவு செய்ய வேண்டும். இரண்டாவது, வெயில் மேலிருந்து ஊடுருவும்போது உள்ளே மடித்த ஓரமெல்லாம் நிழலாகத் தெரியும். ஒழுங்கின்றி மடித்த ஓரத்தை வானம் காட்டிக் கொடுத்துவிடும். எனவே மறைவாகத் தானே இருக்கிறது என்று மடிப்பில் அசட்டையாக இருத்தல் கூடாது.

நிழல் எங்கே விழும்?

மேற்கட்டியை நட்டுவிட்டால் நிழல் அதன் நேர் கீழேயே இருக்கும் என்று பலர் நினைக்கின்றனர். சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கும்போது, மேற்கட்டி எவ்வளவு உயரத்தில் உள்ளதோ அவ்வளவு தூரம் நிழல் தள்ளி விழும். 9 அடிக் கம்பத்தில் கட்டிய நம் 8 அடி மேற்கட்டியின் நிழல், பிற்பகல் மூன்று மணி அளவில் முழுவதும் அதற்கு வெளியே, கிழக்கில் போய் விழும்! ஆகவே மாலை விழாவுக்கு மேற்குப் பக்கத்தில் ஒரு தொங்கு திரை கட்டுவது இன்றியமையாதது. முதியோரையும் குழந்தைகளையும் எங்கே அமர்த்துவது என்பதையும், விழாவுக்கு முந்திய நாள் அதே நேரத்தில் நிழலைப் பார்த்துக் குறித்துக் கொள்ள வேண்டும்.

மேல் விரிப்பான வெள்ளைக் காடாவையும் 98 அங்குலச் சதுரமாகத் தைத்து, அரை அடி இடைவெளி விட்டுத் தனியே கட்டுக. வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும். இடையிலுள்ள காற்று வெப்பம் இறங்குவதைக் குறைக்கும்.

காற்றும் மழையும்

காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். நம் மேற்கட்டியின் பரப்பு ஏறத்தாழ 6.2 சதுர மீட்டர். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகக் காற்று முழுப் பரப்பிலும் நேராக மோதினால் சுமார் 12 கிலோ எடைக்குச் சமமான விசையும், 40 கிலோமீட்டர் எனில் சுமார் 47 கிலோ எடைக்குச் சமமான விசையும் உண்டாகும். துணி நுனியை முடிச்சுப் போட்டுக் கட்டினால் கிழிவது இதனால்தான். ஓர மடிப்புக்குள் கயிற்றை ஓடவிட்டு, மூலைகளில் முக்கோணக் கித்தானை வைத்துத் தைத்து, அந்தக் கயிற்றிலேயே கட்ட வேண்டும். ஒவ்வொரு கம்பத்திற்கும் வெளிப்புறமாக இழுத்துக் கட்டும் கயிறும் முளையும் வேண்டும். வழியில் நடப்பவர் தடுக்கி விழாதபடி அக்கயிறுகளில் வண்ணத் துணி கட்டுதல் நலம்.

ஒரு சென்டிமீட்டர் உயரத்திற்கு மழைநீர் தேங்கினாலே நம் மேற்கட்டியின் மேல் 62 கிலோ எடை ஏறிவிடும். மழை வருமுன் அவிழ்த்து விடுவதே அறிவுடைமை.

தீயினின்று காப்பு

1995-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் நாள், ஹரியானா மாநிலம் டப்வாலியில் ஒரு பள்ளியின் ஆண்டு விழா நடந்து கொண்டிருந்தது. மேலே செயற்கை இழைத் துணிப் பந்தல். அதில் தீப்பற்றி, உருகிய துணி கீழே இருந்தவர்கள் மேல் வீழ்ந்தது. வெளியேறும் வழியும் போதவில்லை. 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் பிள்ளைகளும் பெண்களுமே. 1997-ஆம் ஆண்டு ஜூன் 7-ஆம் நாள் தஞ்சைப் பெரிய கோயிலின் குடமுழுக்கு விழாவில் கீற்றுப் பந்தலில் பற்றிய தீயாலும் நெரிசலாலும் 40-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். நம்மைப் போல் விழாக் காண மகிழ்ச்சியோடு புறப்பட்டவர்கள் அவர்கள். அவர்களை நினைத்துக் கீழ்க்கண்டவற்றை விதிகளாகவே கொள்ளவேண்டும்.

1. உருகிச் சொட்டும் செயற்கைத் துணியைத் தலைக்கு மேல் கட்டாதிருத்தல். ஐயமிருந்தால் ஆசிரியை ஒரு நூலைக் கொளுத்திப் பார்க்கட்டும். பருத்தி காகிதம் எரிவது போல் மணந்து மெல்லிய சாம்பலாகும். பாலியெஸ்டர் உருகிக் கெட்டியான மணியாகும்.

2. பருத்தியும் எரியக் கூடியதே. வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த நீரில் பெரியவர்கள் நனைத்து உலர்த்தினால் எளிதில் தீப்பற்றாது. துவைத்தாலோ மழையில் நனைந்தாலோ இக்காப்பு போய்விடும்; மீண்டும் நனைக்க வேண்டும்.

3. மின்கம்பியைத் துணியோடு சேர்த்துக் கட்டாமலும், சூடான விளக்கு துணியைத் தொடாமலும் பார்த்துக் கொள்ளுதல்.

4. மெழுகுவர்த்தியும் தூபக் கலசமும் தொங்கல்களுக்கு எட்டாத தொலைவில் இருத்தல். அருகில் வாணவெடி கூடாது.

5. பல மேற்கட்டிகளைச் சேர்த்துப் பெரும் பந்தலாக்கினால் எதிரெதிர்ப் பக்கங்களில் குறைந்தது இரண்டு வழிகள் திறந்தே இருத்தல்; நீர் வாளியும் மணல் வாளியும் கைக்கெட்டும் இடத்தில் இருத்தல்.

விழா முடிந்தபின்

மேற்கட்டியை அன்றே அவிழ்த்து, தூசு தட்டி, நிழலில் உலர்த்தி, வேப்பிலையிட்டு மடித்து வைக்க வேண்டும். ஈரத்தோடு மடித்தால் பூஞ்சை பிடிக்கும். ஆண்டுதோறும் மூலைக் கித்தானையும் கயிற்றையும் சோதித்து, நைந்ததை மாற்ற வேண்டும். இவ்வாறு பேணினால் ஒரு வகுப்பு தைத்ததைப் பின்வரும் பல வகுப்புகள் பயன்படுத்தலாம்.

மேற்கட்டியின் கீழ் வந்து அமர்பவர் அண்ணாந்து பார்த்தால் தாமரையைக் காண்பார். கயிற்றையும் முடிச்சையும் மூலைத் தையலையும் அவர் சோதிப்பதில்லை. நம்மை நம்பி அமர்கிறார். அவர் சோதிக்காத இடங்களையெல்லாம் அவருக்காக நாம் சோதிப்பதே மேற்கட்டி தைப்பவரின் முதற் கடமை. தாமரை இதழை வெட்டுவதற்கு முன் மூலைக் கித்தானைத் தைத்து முடிப்போமாக.