நற்கடைப்பிடியும் அன்றாட வேலையும்

எண்வகை நெறியின் ஏழாம் உறுப்பாகிய சம்மா சதியைத் தமிழில் நற்கடைப்பிடி என்று வழங்குகிறோம். விகாரையிற் கூடும்போதெல்லாம் எட்டு உறுப்புகளையும் வரிசை தவறாமற் சொல்லுகிறோம். ஆயினும், ஏழாவதன் பொருள் யாதெனக் கேட்டால் நம்மிற் பலர் "தியானம்" என்று ஒரே சொல்லில் விடை கூறி நிறுத்திவிடுகின்றனர். தியானம் என்றதும் கண்மூடி அமர்ந்த ஓர் உருவம் மனத்தில் தோன்றுகிறது. அதற்குத் தனியறை வேண்டும், ஓய்வு வேண்டும், ஓசையற்ற காலைப்பொழுது வேண்டும். விடியுமுன் எழுந்து வேலைக்கு ஓடும் நமக்கு இவற்றுள் எது உண்டு? ஆகவே, "அது பிக்குகளுக்கு உரியது, நமக்குப் பஞ்சசீலமே போதும்" என்ற முடிவு எளிதில் வந்துவிடுகிறது. இம்முடிவு பொருந்துமா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

முதலில் சொல்லை நோக்குவோம். சதி என்னும் பாலிச் சொல்லுக்கு வடமொழியில் ஸ்மிருதி என்பது நேர். நினைவு, மறவாமை என்பன அதன் பொருள். தமிழிலும் கடைப்பிடி என்ற சொல்லுக்குப் பழைய பொருள் அதுவே. அறிவு, நிறை, ஓர்ப்பு, கடைப்பிடி என்னும் நான்கினையும் ஆடவர்க்குரிய குணங்களாக எண்ணிய பழைய உரையாசிரியர்கள், கடைப்பிடி என்பதற்குக் கொண்ட பொருளை மறவாதிருத்தல் என்றே விளக்கம் தந்தனர். (அக்குணம் ஆடவர்க்கு மட்டுமே உரியது என்பதை நாம் ஏற்கவேண்டுவதில்லை. பின்னே வரும் குரு நாட்டுப் பெண்டிர் அதற்கு மறுப்பாக நிற்கின்றனர்.) திருக்குறளிலும் 54-ஆம் அதிகாரம் பொச்சாவாமை என்ற பெயரால் இம்மறவாமையையே பேசுகிறது. இக்காலத்தில் கடைப்பிடித்தல் என்றால் விதிகளைப் பின்பற்றுதல் என்று மட்டும் கொள்ளுகிறோம். பழம்பொருள் மறைந்தமையால், ஏழாம் உறுப்பும் நம் கையினின்று நழுவிற்று எனலாம்.

எதை மறவாதிருத்தல்? இப்பொழுது கை செய்வது யாது, வாய் பேசுவது யாது, மனம் போகும் இடம் யாது என்பதை மறவாதிருத்தல். இவ்வளவே. மனத்தை வெறுமையாக்குதல் என்றோ, உலகை மறந்திருத்தல் என்றோ கூறுவாருளர். மறவாமை என்னும் சொல்லின் பொருளுக்கே அது மாறானது.

இனி, பஞ்சசீலமே போதும் என்பாரை நோக்கி ஒன்று கேட்போம். ஐந்தாம் சீலத்தின் பாலி வாசகத்தை நாம் எத்தனை முறை ஓதியிருக்கிறோம்! அதில் கள்ளும் மதுவும் எதற்காக விலக்கப்படுகின்றன? அவை 'பமாதட்டானம்', அதாவது பமாதத்திற்கு இடம் என்று அவ்வாசகமே காரணம் காட்டுகிறது. பமாதம் என்றால் மறதி, அசட்டை, சோர்வு. அதன் எதிர்மறையாகிய அப்பமாதத்தையே பகவான் தம் பரிநிப்பானத்தின்போது இறுதி அறிவுரையாக வைத்துச் சென்றார். குடியை விலக்கியவன் பமாதத்தின் பெருவாயில் ஒன்றை அடைத்தான். சினமும், வீண் பேச்சும், ஓயாது கைப்பேசியைத் தடவிக்கொண்டிருத்தலும் திறந்த வாயில்களாகவே இருக்கின்றன. 1956-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப் அம்பேத்கர் தாம் ஏற்றுப் பிறர்க்கும் அளித்த 22 உறுதிமொழிகளில் மதுவிலக்கும் உண்டு. எண்வகை நெறியில் ஒழுகுதலும் உண்டு. ஏழாம் உறுப்பை விட்டு ஏனைய ஏழினை ஏற்கிறோம் என்று அங்கு எவரும் சொல்லவில்லை.

இல்லறத்தார்க்கு இப்பயிற்சி உண்டா என்னும் ஐயத்தைச் சுத்தபிடகமே தீர்த்துவைக்கிறது. மஜ்ஜிம நிகாயத்தின் கந்தரக சுத்தத்தில் பெஸ்ஸன் என்பவன் வருகிறான். அவன் யானைப்பாகன் ஒருவனுடைய மகன். சம்பா நகரில் கக்கரைப் பொய்கைக் கரையில் பகவானைக் கண்டு, வெள்ளாடை உடுத்த இல்லறத்தாராகிய தாங்களும் அவ்வப்போது நான்கு சதிபட்டானங்களில் மனத்தை நன்கு நிறுத்தி வாழ்வதாக விண்ணப்பிக்கிறான். பகவான் அவனை மறுக்கவில்லை. 'அவ்வப்போது' என்ற அச்சொல் நமக்கு மிகவும் ஆறுதல் அளிப்பது. நாள் முழுவதும் என்று அவன் பெருமை பேசவில்லை. யானையை ஓட்டும் தொழிலுக்கு இடையே இயன்றபோது செய்தான்.

இதனினும் விரிவான செய்தி சதிபட்டான சுத்தத்தின் உரையில் உள்ளது. அச்சுத்தம் குரு நாட்டில் கம்மாசதம்மம் என்னும் ஊரில் அருளப்பட்டது. குரு நாடு இன்றைய டில்லியைச் சூழ்ந்த பகுதியாம். இத்துணை ஆழ்ந்த போதனை அந்நாட்டில் அருளப்பட்டது ஏன் என்று வினவி, உரையாசிரியராகிய புத்தகோசர் விடை கூறுகிறார். அந்நாட்டில் பிக்குகளும் பிக்குணிகளும் உபாசகர்களும் மட்டுமல்லர், அடிமைகளும் கூலியாட்களும் கூடச் சதிபட்டானத்தைப் பற்றியே பேசுவராம். நீர்த்துறையிலும் நூல் நூற்கும் இடத்திலும் பயனில் பேச்சு எழாதாம். "அம்மா, நீ எந்தச் சதிபட்டானத்தைப் பயில்கிறாய்?" என்று ஒருத்தியைக் கேட்க, அவள் ஒன்றுமில்லை என்று சொன்னால், உயிரோடிருந்தும் இறந்தவளுக்கு ஒப்பாவாய் என்று கடிந்து, ஒன்றனைக் கற்றுக்கொடுப்பராம். பயில்கிறேன் என்றால் சாது, சாது என்று வாழ்த்துவராம்.

கடிந்துரைத்தது சற்று மிகை என்றே நமக்குத் தோன்றுகிறது. ஆனால் காட்சியை நோக்குங்கள். மடாலயம் அன்று, நீர்த்துறை. ஆசனம் அன்று; நூற்கும் கதிர். சாத்திர உரிமை தங்களுக்கே என்று சிலர் வேலியிட்டிருந்த நாட்டில், அடிமையும் கூலியாளும் மனத்தின் மிக நுண்ணிய கலையைத் தம் பேச்சுப் பொருளாகக் கொண்டிருந்தனர் என்று ஓர் உரையாசிரியர் பெருமையோடு எழுதிவைத்திருக்கிறார். இவ்வுரை தமிழருக்கு அயலானதும் அன்று. 5-ஆம் நூற்றாண்டினராகிய புத்தகோசர், மயூரபட்டணத்தில் தம்மோடு முன்பு வாழ்ந்த புத்தமித்திர தேரரின் வேண்டுகோளால் மஜ்ஜிம நிகாய உரையை எழுதியதாகக் கூறுகிறார். காஞ்சியில் தம்முடன் வாழ்ந்த ஜோதிபாலரின் வேண்டுகோளை அங்குத்தர நிகாய உரையிற் குறிப்பிடுகிறார். தென்னாட்டுத் தேரர்கள் கேட்டுப் பெற்ற நூல்களை அவர் வழியினராகிய நாம் திறந்து பாராதிருப்பது தகுமா?

பயிலும் முறைக்கு வருவோம். சதிபட்டானம் நான்கு: உடல், வேதனை, சித்தம், தம்மங்கள் என்பன. வேதனை என்பது இங்கே துன்பத்தை மட்டும் குறியாது. இன்பம், துன்பம், இரண்டுமல்லாதது என்னும் மூவகை நுகர்ச்சியையும் குறிக்கும். தொழில் செய்வோர்க்கு உடலே எளிய தொடக்கம். நடத்தல், நிற்றல், இருத்தல், கிடத்தல், கையை நீட்டுதல், மடக்குதல், உண்ணுதல், பருகுதல், பேசுதல், பேசாதிருத்தல் ஆகிய அனைத்தையும் தெரிந்து செய்க என்று சுத்தம் விதிக்கிறது. மலசலம் கழித்தலைக்கூட அது விடவில்லை. தூய வேலை, இழிந்த வேலை என்ற பாகுபாடு இப்பயிற்சிக்குத் தெரியாது.

கோலார் தங்கவயலை எடுத்துக்கொள்வோம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பண்டித அயோத்திதாசரின் வழியில் தமிழ்ப் பௌத்தம் வேரூன்றிய இடம் அது. அங்கே சாம்பியன் ரீப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் உடையது. பாறை திடீரெனப் பிளந்து சிதறும் அவ்வாழத்தில் வேலை செய்தோர்க்குக் கையும் காதும் விழித்திருத்தல் உயிர்க்காவலாக இருந்தது. கூண்டிலிருந்து காலெடுத்து வைக்கும்போது மனம் வீட்டுக் கடனில் இருந்தால் என்ன நேரும் என்பதை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. 2001-ஆம் ஆண்டில் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின் அங்குள்ளோர் பலர் ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு நாள்தோறும் இரயிலில் வேலைக்குச் சென்று மீளுகின்றனர். ஆபத்து குறைந்தது, களைப்பு கூடிற்று. நெரிசலில் நின்றுகொண்டு போகும் அப்பயணத்தில் மனம் என்ன செய்கிறது? மேலாளர் நேற்றுச் சொன்ன சுடுசொல்லை மீண்டும் மீண்டும் கேட்கிறது. நாளை செலுத்தவேண்டிய தவணையை இன்றே பத்து முறை செலுத்துகிறது. உடல் ஒரு முறை சுமப்பதை மனம் பல முறை சுமக்கிறது. அவ்விடத்தில் கண்ணை மூடவேண்டுவதில்லை. இரு பாதங்களும் தரையிற் பொருந்தியிருப்பதை உணர்க. கம்பியைப் பற்றிய கையை உணர்க. மூச்சு உள்ளே வருவதையும் வெளியே போவதையும் ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையம் வரையில் அறிந்து வருக. நடுவில் மனம் ஓடிவிடும், உறுதியாக ஓடிவிடும். ஓடியதைக் கண்டுகொண்ட அக்கணமே பயிற்சியின் கணம். சிதறிய சித்தத்தைச் சிதறிய சித்தம் என்று அறிவதையும் சுத்தம் மூன்றாம் சதிபட்டானத்திற் சேர்த்தே எண்ணுகிறது. ஆதலால் 'எனக்கு மனம் நிற்கவில்லை' என்று கைவிடுவோர், பாதிப் பயிற்சியைச் செய்துமுடித்தபின் கைவிடுகின்றனர் என்று நாம் அவர்களுக்குச் சொல்லலாம்.

இவ்விடத்தில் நம் இளைஞர்கள் எழுப்பும் ஒரு தடை உண்டு. அது நேர்மையான தடை. "சாதியின் பெயரால் நம்மை இழிவுபடுத்துகிறவன் எதிரே நிற்கும்போது, மூச்சைக் கவனித்து அமைதியாயிரு என்கிறீர்களா? இது பொறுத்துக்கொள் என்ற பழைய பாட்டுத்தானே?" என்கின்றனர். இதனை மழுப்பிவிட்டுப் போவது தம்மத்திற்கு நாம் செய்யும் தொண்டாகாது.

சம்யுத்த நிகாயத்தின் சல்ல சுத்தத்தில் பகவான் அம்பு என்னும் உவமையைக் கூறுகிறார். அறிவில்லாதவன் ஓர் அம்பு தைத்தபின் இரண்டாம் அம்பும் தைத்தவன்போல் துன்புறுகிறான். முதலாவது நேர்ந்த நோவு. இரண்டாவது அதன்மேல் அவன் மனம் எழுப்பும் புலம்பலும் கொதிப்பும். முதல் அம்பு பொய் என்று பகவான் கூறவில்லை. அது தைக்கத்தான் செய்கிறது. எய்தவன் செய்தது சரி என்றும் கூறவில்லை. இழிசொல் வந்து விழும்போது மார்பு இறுகுவதும், முகம் சூடேறுவதும், கை முறுக்கேறுவதும் அறியப்படவேண்டியவை. அறிந்தவனுக்கு அடுத்த செயலைத் தேரும் உரிமை எஞ்சுகிறது. அறியாதவனை அவனுடைய சினம் ஏவுகிறது. சினத்தை மூட்டியவனே அவனை ஏவுகிறான் என்றுங்கூடச் சொல்லலாம்.

1927-ஆம் ஆண்டு மார்ச் 20-ஆம் நாள் மகாடு என்னும் ஊரில் பாபாசாகேபின் தலைமையில் மக்கள் சவுதார் குளத்திற்குச் சென்று நீர் பருகினர். அதன்பின் மேற்சாதியார் கூட்டம் தடிகளோடு பாய்ந்து, சிதறியிருந்தோரை அடித்தது. அவரைச் சூழ்ந்திருந்தோரிற் பலர் திருப்பித் தாக்க ஆயத்தமாயிருந்தனர். படையிற் பணிசெய்த வீரரும் அவர்களில் இருந்தனர். பாபாசாகேப் அவர்களைத் தடுத்து நிறுத்தினார். ஆனால் குளத்தின்மீதுள்ள உரிமையைக் கைவிட்டாரா? வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்தது. 1937-ஆம் ஆண்டில் பம்பாய் உயர்நீதிமன்றத்தில் அவ்வுரிமை நிலைநாட்டப்பட்டது. அவர் தீட்சை பெற்றது அதற்குப் பல்லாண்டுகள் பின்பு. ஆகையால் அதனைத் தியானத்தின் பயன் என்று நாம் உரிமை கொண்டாடவில்லை. அடங்கிய கொதிப்பும் அடங்காத உரிமைக் குரலும் ஒருவரிடமே இருக்கக்கூடும் என்பதற்குச் சான்றாகவே கூறுகிறோம். தடை எழுப்பும் இளைஞர்கள் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.

மனவமைதியைத் தனக்கு மட்டும் தேடுவது தன்னலம் என்பாரும் உளர். அவர்களுக்குச் சேதக சுத்தத்தின் கழைக்கூத்தாடிகளைக் காட்டுவோம். மூங்கிற் கழையின்மேல் ஏறி ஆடும் ஆசானொருவர், தோளில் நின்ற மாணாக்கரை நோக்கி, "நீ என்னைக் காத்துக்கொள், நான் உன்னைக் காப்பேன்" என்கிறார். மாணாக்கரோ, "அப்படியன்று ஐயா, தாங்கள் தங்களைக் காத்துக்கொள்ளுங்கள், நான் என்னைக் காத்துக்கொள்வேன், அவ்வாறே இருவரும் நலமாக இறங்குவோம்" என்கிறார். பகவான் மாணாக்கரின் சொல்லை ஏற்று, சதிபட்டானத்தால் தன்னைக் காப்பவன் பிறரையும் காக்கிறான் என்றும், பொறுமை, கொல்லாமை, அன்பு, இரக்கம் இவற்றால் பிறரைக் காப்பவன் தன்னையும் காக்கிறான் என்றும் விரிக்கிறார். பாலி மூலம் அக்கூத்தாடியைச் சண்டாளர் என்னும் பெயரோடு சேர்த்தே குறிப்பிடுகிறது. ஊர் தாழ்த்தி வைத்தவருடைய தொழிலிலிருந்து பகவான் தம் போதனைக்கு உவமை எடுத்தார் என்பதை நாம் தனியே நினைவிற் கொள்ளல் வேண்டும். நெய்வோர், கட்டடம் கட்டுவோர், மின்கம்பம் ஏறுவோர் யாவருக்கும் இது தெரியும்: தன் பிடியைக் கவனியாதவனோடு எவரும் உயரத்தில் வேலை செய்ய விரும்புவதில்லை.

தொடங்குவோர் பெரிய விரதம் ஒன்றும் மேற்கொள்ளவேண்டா. நாள்தோறும் தவறாமற் செய்யும் சிறுவேலை ஒன்றைத் தெரிந்துகொள்க; குடத்தில் நீர் பிடித்தல், மிதியடி அணிதல், முதற் கவளம் உண்ணுதல் போன்றது எதுவாயினும் சரி. ஒரு வாரம் அதனைமட்டும் முழு நினைவோடு செய்க. மறந்துவிட்டால் மறுநாள் செய்க. தன்னைத் தான் வைதுகொள்ளுதல் இரண்டாம் அம்பாகவே முடியும். வீட்டில் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம். இரவு உண்ணும்போது, "இன்று எதில் கடைப்பிடி வைத்தாய்?" என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளுங்கள், ஒன்றுமில்லை என்று விடை வந்தால், குரு நாட்டுப் பெண்டிரைப்போல் கடியாமல் ஒன்றனைச் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்த பாடத்தில் ஐந்து நீவரணங்களை எடுத்துக்கொள்வோம். அதற்குள் மஜ்ஜிம நிகாயத்தின் 10-ஆம் சுத்தத்தை ஒருமுறை வாய்விட்டுப் படித்து, விளங்காத இடங்களைக் குறித்து வருமாறு உபாசகர்களையும் உபாசிகைகளையும் வேண்டுகிறோம்.