விலை கொடுத்து மீட்ட பதினாறு பேர்

ஊழியம் என்ற சொல்லின் பாரத்தை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கூலி இல்லாமல் பாடுபடுவது ஒரு கொடுமை. பாடுபடுகிற மனிதனையே ஆடுமாடுபோல் விலை பேசி விற்பது அதற்கும் மேலான கொடுமை. அமெரிக்காவின் தென்பகுதியில் அது சட்டமாகவே இருந்தது. அந்தச் சட்டத்துக்குள் பிறந்து, காடு வெட்டி, உழுது, உப்புக் காய்ச்சித் தன் குடும்பத்தை ஒவ்வொருவராக மீட்டெடுத்த பிராங்க் என்ற உழவரின் வரலாறு இது.

பிராங்க் 1777-ல் தென் கரோலினாவில் பிறந்தார். அவருடைய தாய் ஜூடா ஒரு அடிமைப் பெண். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை என்பது அந்நாட்டுச் சட்டம். தகப்பன் யார் என்று சட்டம் கேட்கவில்லை. இந்த ஒரு விதியை மனதில் இருத்திக்கொள்ளுங்கள்.

1795-ல் எஜமான் அவரை மேற்கே கெண்டக்கிக்குக் கொண்டுபோனான். அன்றைக்கு அது எல்லைப்புறம். பூர்வகுடிகளிடமிருந்து பறிக்கப்பட்ட நிலத்தில் வெள்ளையர் புதிதாகக் குடியேறிக்கொண்டிருந்த காட்டுப் பகுதி. அங்கே விவசாயம் என்றால் முதலில் மரத்தோடு போராட்டம். பெரிய மரங்களை வெட்டி முடியாது. அடிமரத்தைச் சுற்றிப் பட்டையை வளையமாக உரித்துவிடுவார்கள். மரம் நின்றபடியே பட்டுப்போகும், இலை உதிரும், வெயில் மண்ணில் விழும். பட்ட மரங்களுக்கு நடுவே மக்காச்சோளம் ஊன்றுவார்கள். வேரும் கட்டையும் பிடுங்கி நிலம் திருந்தப் பல வருஷம் ஆகும். பட்டை உரித்தது, விதைத்தது, அறுத்தது பிராங்க். விளைந்தது எஜமானுக்கு.

சில வருஷம் கழித்து எஜமான் டென்னசிக்குக் குடிபோய், கெண்டக்கிப் பண்ணையை பிராங்கின் பொறுப்பில் விட்டுவிட்டான். ஓய்ந்த நேரத்தில் வெளியே வேலை செய்து சம்பாதிக்கலாம், அதில் எஜமானுக்கு ஒரு பங்கு கட்டவேண்டும் என்பது ஏற்பாடு. பகலெல்லாம் பிறர் வயல், அதன் பின்னேதான் தன் பாடு. 1812-ல் இங்கிலாந்தோடு போர் மூண்டது. துப்பாக்கி மருந்துக்கு வெடியுப்பு வேண்டும். கெண்டக்கியில் குகைகள் அதிகம். குகை மண்ணை எடுத்து, தண்ணீர் விட்டு வடித்து, மரச்சாம்பல் நீர் சேர்த்து, பெரிய கொப்பரையில் காய்ச்சினால் வெடியுப்பு உறையும். பிராங்க் அந்தத் தொழிலைச் செய்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர், ஆனால் கணக்குத் தப்பாதவர்.

1817-ல் கையில் 800 டாலர் சேர்ந்தது. அந்தப் பணத்தில் அவர் தன்னை மீட்கவில்லை. பக்கத்துப் பண்ணையில் அடிமையாக இருந்த மனைவி லூசியை மீட்டார். லூசி அப்போது கர்ப்பிணி. தாய் விடுதலை பெற்றால் வயிற்றுப் பிள்ளை விடுதலையில் பிறக்கும். தன்னை முதலில் மீட்டிருந்தால் அந்தப் பிள்ளைக்குத் தனியாக ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும். பல தலைமுறைகளை அடிமையாக்கிய அதே சட்டத்தை அவர் தலைகீழாகத் திருப்பினார். ஸ்குவயர் என்ற அந்த மகன் விடுதலையில் பிறந்தான். தகப்பன் இன்னும் இரண்டு வருஷம் அடிமையாகவே உழைத்து, 1819-ல் இன்னொரு 800 டாலர் கொடுத்துத் தன்னை மீட்டார்.

அவர் பெயரையே கொண்ட மகன் கனடாவுக்குத் தப்பி ஓடியிருந்தான். அவன் பயமில்லாமல் வீடு திரும்ப, 1829-ல் பிராங்க் தன் வெடியுப்புத் தொழிலையே கொடுத்து அவன் விடுதலையை வாங்கினார். பிழைப்பைக் கொடுத்துப் பிள்ளையை வாங்கியவரிடம் மீந்தது கையுழைப்பு மட்டும்.

1831-ல் குடும்பம் இலினாய் மாநிலத்தின் பைக் கவுண்டிக்கு வந்து சேர்ந்தது. கண்ணால் பாராமலே வாங்கிய 160 ஏக்கர் அங்கே இருந்தது. 1812 போரில் சண்டையிட்ட சிப்பாய்களுக்கு அரசு ஒதுக்கிய பிரதேசம் அது. அந்தப் போருக்கு வெடியுப்புக் காய்ச்சியவர் அங்கே நிலம் பெறத் தன் காசைக் கொடுக்க வேண்டியிருந்தது. இலினாயில் சட்டம் அடிமைத்தனத்தை மறுத்தாலும் கறுப்பரை வரவேற்கவில்லை. குடியேறும் கறுப்பர் 1,000 டாலருக்கு ஜாமீன் காட்ட வேண்டும். வெள்ளையருக்கு எதிராகச் சாட்சி சொல்ல முடியாது. மிசிசிப்பி ஆற்றுக்கு அக்கரையில் அடிமை மாநிலமான மிசூரி. ஆள் பிடித்துக்கொண்டுபோய் விற்பவர்களும் இருந்தார்கள். அந்த அச்சத்தின் நடுவே புல்வெளியை உடைத்து மக்காச்சோளமும் கோதுமையும் விதைத்தார்கள், பன்றியும் மாடும் வளர்த்தார்கள்.

நிம்மதியாக இருந்துவிட்டாரா என்றால் இல்லை. மூன்று பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் கெண்டக்கியில் இன்னும் அடிமைகள். மகன் சாலமனை 1835-ல் மீட்டார். மற்றவர்களுக்குப் பணம்? 1836-ல் 42 ஏக்கரை 144 மனைகளாகப் பிரித்து, நியூ பிலடெல்பியா என்ற ஊரை உண்டாக்கினார். அமெரிக்காவில் ஒரு கறுப்பர் முறைப்படி திட்டமிட்டுப் பதிவு செய்த முதல் ஊராக இன்று அறியப்படுவது இதுதான். மனை விற்ற காசு பிள்ளைகளின் விலையாயிற்று. வெள்ளையரும் கறுப்பரும் அடுத்தடுத்த மனைகளில் குடியிருந்தார்கள். 1837-ல் மாநிலச் சட்டசபை தனிச்சட்டம் போட்டு அவருக்கு மெக்வொர்ட்டர் என்ற குடும்பப் பெயரையும், வழக்காடும் உரிமையையும் தந்தது. பழைய எஜமானின் பெயரே ஓர் எழுத்துக் குறைவாக அவருக்கு வந்தது ஒரு வேடிக்கை. அடிமைகளின் கல்யாணத்தைச் சட்டம் ஏற்காததால், 40 வருஷம் சேர்ந்து வாழ்ந்த அவரும் லூசியும் 1839-ல் சட்டப்படி மறுபடி மணம் முடித்தார்கள்.

1854-ல் பிராங்க் இறந்தபோதும் பேரப்பிள்ளைகள் சிலர் அடிமைத்தளையில் இருந்தார்கள். தன் சொத்திலிருந்து அவர்களை மீட்கும்படி உயில் எழுதிவைத்திருந்தார். மகன்கள் அதை நிறைவேற்றினார்கள். அவரையும் சேர்த்து 16 பேர். மொத்தச் செலவு ஏறக்குறைய 14,000 டாலர்.

1869-ல் ரயில் பாதை ஊரைத் தொடாமல் வடக்கே ஒதுங்கிப் போயிற்று. வியாபாரம் போயிற்று, வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாயின, ஊர் மறுபடி வயலாயிற்று. பின்னாளில் ஆராய்ச்சியாளர்கள் அந்த வயலைத் தோண்டி வீட்டு அஸ்திவாரங்களைக் கண்டார்கள். 2022-ல் அமெரிக்க அரசு அந்த இடத்தைத் தேசிய வரலாற்றுத் தலமாக ஏற்றது.