மின்சாரம் எடுத்த தண்ணீரில் சத்துக் குறையுமா?

“மின்சாரத்தை எடுத்துக்கொண்டு வெறும் தண்ணீரைத்தான் வயலுக்கு விடுகிறார்கள். பயிர் முன்போல் செழிக்குமா?” என்ற ஐயம் கிராமங்களில் நெடுங்காலமாக உண்டு. நீர்மின் நிலையம் வேலை செய்யும் விதத்தை அறிந்தால் இந்த ஐயம் தீரும்.

மின்சாரம் பிறப்பது எப்படி?

அணையில் உயரத்தில் தேங்கி நிற்கும் நீர், பெரிய எஃகுக் குழாய்களின் வழியே கீழே பாய்கிறது. அந்த வேகத்தில் டர்பைன் எனப்படும் சக்கரம் சுழல்கிறது. சக்கரத்தின் தண்டுடன் ஜெனரேட்டர் இணைந்துள்ளது. அதில் செப்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவே காந்தம் சுழலும்போது கம்பியில் மின்சாரம் உண்டாகிறது. டிரான்ஸ்பார்மர் அதன் அழுத்தத்தை உயர்த்தித் தொலைதூரம் அனுப்புகிறது. சக்கரத்தைச் சுழற்றிய நீர் ஆற்றில் கலந்துவிடுகிறது.

இங்கே எடுக்கப்படுவது நீர் விழும் வேகம் மட்டுமே. நீரில் கரைந்துள்ள உப்புகளும் சத்துகளும் அப்படியே இருக்கின்றன. காற்றில் நெல் தூற்றுவதால் காற்று கெட்டுவிடுகிறதா? அதுபோலத்தான் இதுவும்.

உயரமும் அளவும்

மின் உற்பத்திக்கு இரண்டு வேண்டும்: நீரின் அளவு, அது விழும் உயரம். வினாடிக்கு 1,000 கன அடி நீர் 100 அடி உயரத்திலிருந்து விழுந்தால் சுமார் 7,000 கிலோவாட் மின்சாரம் கிடைக்கும். வழியில் ஏற்படும் இழப்பு போக, 5 குதிரைத்திறன் பம்புசெட்டுகள் ஆயிரத்துக்கு மேல் ஓட்டலாம். உயரம் 50 அடியானால் மின்சாரமும் பாதியாகும்.

நீலகிரியில் 1932-ல் தொடங்கிய பைகாரா மின் நிலையத்தில் நீர் சுமார் 3,000 அடி விழுகிறது. அங்கே குறைந்த நீரே போதும். மேட்டூரில் உயரம் குறைவு, நீர் மிகுதி. அணையை ஒட்டிய மின் நிலையமும் சுரங்க மின் நிலையமும் சேர்ந்து 2,50,000 கிலோவாட் திறன் கொண்டவை. பாசனத்துக்கு விடும் நீரே இவற்றை ஓட்டுகிறது. பாசனம் நின்றால் உற்பத்தியும் குறையும்.

மேட்டூரில் வெளிவந்த நீரே செக்கானூர், நெரிஞ்சிப்பேட்டை, கோனேரிப்பட்டி, ஊராட்சிக்கோட்டை கதவணைகளில் மீண்டும் மீண்டும் மின்சாரம் தருகிறது. ஒருமுறை மின்சாரம் எடுத்ததும் நீர் சக்கையாகிவிடுமானால் இது நடக்குமா?

வண்டல் எங்கே போயிற்று?

“முன்பெல்லாம் புதுவெள்ளம் செந்நிறமாக வண்டலோடு வரும், இப்போது தெளிந்து வருகிறது” என்று பெரியவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் மின் நிலையம் அல்ல. 1934-ல் கட்டி முடிந்த மேட்டூர் அணையில் நீர் தேங்கும்போது வண்டலின் பெரும்பகுதி அடியில் படிந்துவிடுகிறது. மின்சாரம் எடுக்காவிட்டாலும் அது படியத்தான் செய்யும்.

விவசாயிகள் செய்ய வேண்டியது

வண்டல் தந்த வளத்தை நாம்தான் ஈடுசெய்ய வேண்டும். நடவுக்கு முன் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழலாம். அதற்கு வசதியில்லாதவர்கள் ஏக்கருக்கு 5 டன் தொழு உரம் இடலாம். உரிய அனுமதி பெற்று ஏரி, குளங்களின் வண்டலை எடுத்து வயலில் பரப்பலாம். மண்ணைப் பரிசோதித்து, அதன்படி உரமிடுவது செலவை மிச்சப்படுத்தும்.

மின்சாரம் எடுத்த நீர் என்று தயங்க வேண்டாம். பம்புசெட்டை ஓட்ட மின்சாரம் தந்துவிட்டு, வாய்க்கால் வழியே வயலுக்கும் வந்து சேரும் அந்த நீர் இருமுறை பயன் தருகிறது.