அளந்தறிதல்

‘ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு’ என்பது நம் நாட்டுப் பழமொழி. பொருளை அளப்பதற்கு எழுந்த இம்மொழி, காலத்தை அளப்பதற்கும் பொருந்தும். இவ்வுண்மையைக் கணிப்பொறித் துறையில் வைத்துக் காண்போம்.

கணிப்பொறி அறிந்த மொழி, சுழியும் ஒன்றும் ஆகிய இரண்டே குறிகளால் அமைந்த பொறிமொழியாகும். மக்கள் தமக்கு எளிதான மொழியில் எழுதும் கட்டளைத் தொகுதியை நிரல் என்பர். அந்நிரலைப் பொறிமொழியாக மாற்றித் தருவதே கம்பைலர் என வழங்கும் நிரல்பெயர்ப்பி. அமெரிக்க நாட்டு ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் என்பாரும் அவர்தம் குழுவினரும் ஆக்கிய போர்ட்ரான் நிரல்பெயர்ப்பி 1957ஆம் ஆண்டில் வெளிவந்தது. அது இத்துறைக்கு வழிகாட்டியாய் அமைந்தது.

நிரல்பெயர்ப்பியின் பணி ஒரே செயலன்று. பல படிகளை உடையது. முதலில் அது நிரலை எழுத்தெழுத்தாகப் படித்துச் சொற்களாகப் பிரிக்கும். அடுத்து, அச்சொற்கள் இலக்கணத்துக்கு இயைந்த தொடர்களாய் நிற்கின்றனவா என ஆராயும். பின்னர்ப் பொருட்பொருத்தம் காணும். அதன்பின் வீண் செயல்களை நீக்கிச் செம்மை செய்யும். இறுதியாகப் பொறிமொழியை எழுதும். செய்யுளைப் பதம் பிரித்து, கொண்டுகூட்டி, பொருள் காணும் உரையாசிரியரின் பணியை இஃது ஒருவாறு ஒக்கும்.

நிரல்பெயர்ப்பி தாமதமாக இயங்கின், நிரல் எழுதுவோர் ஒவ்வொரு திருத்தத்தின் பின்னும் காத்திருக்க நேரும். அதனை விரைவாக்க எப்பகுதியைத் திருத்துவது? ‘செம்மை செய்தலே கடினமான வேலை, ஆதலின் அதுவே நேரத்தை விழுங்கும்’ என எண்ணத் தோன்றும். ஆயினும், கடினமான வேலை யாவும் நெடுநேரம் கொள்ளும் என்பதற்கில்லை. சொற்பிரிப்பு எளிய வேலையே. எனினும் அது நிரலின் ஒவ்வோர் எழுத்தையும் தொட்டாக வேண்டும். செம்மை செய்தல் சுருக்கமாக நிகழும்போது, அவ்வெளிய வேலையே நேரத்தில் பெரும்பங்கைக் கொள்ளுதலும் உண்டு.

மொத்தப் பணி 100 நொடி கொள்வதாகக் கொள்வோம். அதில் 5 நொடி கொள்ளும் பகுதியை அரும்பாடுபட்டு இருமடங்கு விரைவாக்கினாலும், மிஞ்சுவது இரண்டரை நொடியே. 60 நொடி கொள்ளும் பகுதியை அவ்வாறு செய்யின் 30 நொடி மிஞ்சும். உழைப்பு ஒன்றே, பயனோ வேறு. ஆதலின் உழைப்பதற்கு முன் அளத்தல் வேண்டும்.

அளக்கும் முறைகள் இரண்டு. ஒவ்வொரு பகுதியும் தொடங்கும் நேரத்தையும் முடியும் நேரத்தையும் குறித்துக் கழித்துப் பார்ப்பது ஒன்று. ஜி.சி.சி. என்னும் நிரல்பெயர்ப்பி, கேட்போர்க்குப் பகுதிவாரியான நேரப் பட்டியலைத் தானே தருகிறது. சீரான இடைவெளிதோறும் ‘இப்பொழுது எப்பகுதி இயங்குகிறது?’ எனப் பார்த்துக் குறித்துக்கொள்வது மற்றொன்று. தாழ்வாரத்தில் நடந்தவாறே வகுப்புகளை எட்டிப் பார்க்கும் தலைமையாசிரியரை இம்முறை நினைவூட்டும். பலமுறை பார்த்தால் உண்மை நிலை விளங்கிவிடும்.

எனினும் அளப்போர் இரண்டினை மறத்தலாகாது. கணிப்பொறியில் வேறு வேலைகளும் உடன் நிகழ்வதால், ஒருமுறை கண்ட அளவை நம்பாது பலமுறை அளத்தல் வேண்டும். அளக்கும் செயலும் சிறிது நேரம் கொள்வதால், அதனையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.

டொனால்டு நூத் என்னும் அமெரிக்க அறிஞர், மக்கள் உண்மையில் எத்தகைய நிரல்களை எழுதுகின்றனர் என அறிய விரும்பினார். போர்ட்ரான் நிரல்கள் பலவற்றைத் திரட்டி, தம் குழுவினருடன் ஆராய்ந்து, 1971ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார். பொதுவாக, ஒரு நிரலில் நூற்றுக்கு நான்கிற்கும் குறைந்த பகுதியே அது இயங்கும் நேரத்தில் பாதிக்கு மேற்பட்டதைக் கொள்கிறது என அவர் கண்டார்.

அவ்வாய்வில் மற்றொரு வியப்பும் நிகழ்ந்தது. பிற நிரல்களை அளப்பதற்கென அமைத்த கருவியை, அக்கருவியைக் கொண்டே அளந்து பார்த்தனர். அதன் நேரத்தில் பெரும்பங்கு இரண்டு சிறு சுற்றுகளில் கழிவது புலனாயிற்று. அவற்றைத் திருத்தவே, சிறிது நேர உழைப்பில் கருவியின் வேகம் இருமடங்காயிற்று. அதனை ஆக்கியோரும் அளக்கும்வரை அவ்விடத்தை அறிந்திலர்!

மாணவர்களே! தாம் ஆக்கிய பொருளிலும் தாம் அறியாத குறை இருக்கக்கூடும் என்று எண்ணி, அதனை அளந்து பார்க்கத் துணிந்தமையே அவ்வறிஞரின் சிறப்பு. பிறர் குறையை அளக்கும் கோலால் முதலில் நம்மை அளப்போமாக. கருதலினும் காண்டல் நன்று. காண்டலினும் அளந்தறிதல் நன்று.