தறி, கேரம் பலகை, கரூர் ரோடு: மோதல் கணக்கைப் போடும் முறை

வெள்ளகோவிலில் விசைத்தறிக் கூடத்துக்குப் பக்கத்து வீட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தறிச் சத்தம் தாலாட்டு மாதிரி. ஓடும்போது தூக்கம் வரும், கரண்ட் போய்த் தறி நின்றால் விழிப்பு வந்துவிடும். அந்த ‘டக் டக்’ ஒவ்வொன்றும் ஒரு மோதல். பதினோராம் வகுப்பு இயற்பியலில் ‘இயக்க விதிகள்’, ‘வேலை, ஆற்றல் மற்றும் திறன்’ என்று இரண்டு அலகுகளில் பிரிந்து கிடக்கும் உந்தம், கணத்தாக்கு, மீட்சி மோதல் எல்லாம் அந்தச் சத்தத்துக்குள் இருக்கின்றன. வழிகாட்டி நூல்களோ பெரும்பாலும் பில்லியர்ட்ஸ் பந்தைக் காட்டித்தான் பாடம் நடத்துகின்றன. காங்கேயம் தாலுகாவில் பில்லியர்ட்ஸ் மேசையை நேரில் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நாடா தறியில் நடப்பது இதுதான். ஊடை நூல் சுற்றிய தாரை வயிற்றில் வைத்துக்கொண்டு மரநாடா ஒரு பெட்டியில் காத்திருக்கிறது. ஒரு கட்டை அதை ஓங்கித் தட்டிவிடுகிறது. பாவு நூல்களுக்கு நடுவே பாய்ந்து அடுத்த பக்கப் பெட்டியில் போய் இடித்து நிற்கிறது. அங்கிருந்து மறுபடி அடி, மறுபடி ஓட்டம். நிமிடத்துக்கு 120 ஓட்டம் என்றால் விநாடிக்கு இரண்டு முறை அடித்துக் கிளப்பி, இரண்டு முறை இடித்து நிறுத்த வேண்டும். தாரோடு சேர்த்து நாடா அரை கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒன்றரை மீட்டர் அகலத் துணியில் ஓர் ஓட்டத்துக்கு அது விட்டுச்செல்லும் பத்தாம் நம்பர் நூலின் எடை சுமார் 0.09 கிராம். பத்தில் ஒரு பங்கு கிராம் நூலை வைக்க அரை கிலோ மரத்தை எறிந்து பிடிக்கிறார்கள். கணக்கு கற்க இதைவிட நல்ல இடம் கிடையாது.

முதலில் திசை, பிறகுதான் எண்

உந்தம் என்பது நிறையையும் திசைவேகத்தையும் பெருக்கி வருவது. சூத்திரம் எல்லோருக்கும் தெரியும், தவறு நேர்வது திசையில். ஆகவே தாளில் முதலில் வர வேண்டியது ஓர் அம்புக்குறி: “வலப்பக்கம் +”. இதை எழுதாமல் எண்ணைத் தொடவே கூடாது.

வேகத்தை மட்டும் பார்த்து உந்தத்தை மதிப்பிடுவதும் ஏமாற்றும். மாசி மகா சிவராத்திரியை ஒட்டி வெள்ளகோவில் வீரக்குமார சுவாமி கோவிலில் தேர் ஓடும். தேர் 20 டன், விநாடிக்கு அரை மீட்டர் நகர்கிறது என்று எடுத்துக்கொண்டால் உந்தம் 10,000 கி.கி. மீ/வி. விநாடிக்கு 20 மீட்டர் (மணிக்கு 72 கி.மீ.) பறக்கும் பைக், ஆளோடு சேர்த்து 200 கிலோ என்றாலும் 4,000-தான். நடக்கிற வேகத்தில் வரும் தேரைக் கையால் பிடித்து நிறுத்த ஒருவரும் முயல்வதில்லை. சக்கரத்துக்கு முட்டுக்கட்டைதான் போடுகிறார்கள்.

இப்போது நாடா. அது வலப்பக்கம் விநாடிக்கு 12 மீட்டர் வேகத்தில் வருவதாகக் கொண்டால் உந்தம் 0.5 × 12 = +6. பெட்டியில் அசையாமல் நின்றுவிட்டால் இறுதி உந்தம் 0, மாற்றம் –6. பெட்டி அதை விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் திருப்பித் தள்ளினால்? நிறைய மாணவர்கள் 6-இலிருந்து 0.5-ஐக் கழித்து 5.5 என்று எழுதிவிடுகிறார்கள். திரும்பி வருவதன் உந்தம் –0.5. இறுதியிலிருந்து தொடக்கத்தைக் கழித்தால் –0.5 – 6 = –6.5. நிற்பதைவிடத் திரும்பி வருவதற்கு அதிக அடி தேவை. அம்புக்குறியை முதலிலேயே போட்டிருந்தால் இந்த இடத்தில் கை நடுங்காது.

தறிக்காரர்களுக்கு இது வெறும் குறி சம்பந்தப்பட்ட விஷயம் அல்ல. பெட்டியில் முட்டிய நாடா பின்வாங்கினால் அடுத்த அடி சரியாக விழாது, நாடா பாதி வழியில் பாவுக்குள் சிக்கும், இழைகள் கொத்தாக அறும்.

எவ்வளவு நேரத்தில் நின்றது?

உந்த மாற்றத்துக்குத்தான் கணத்தாக்கு என்று பெயர். விசையை அது செயல்படும் நேரத்தால் பெருக்கினாலும் அதே எண் வரும். விசை கேட்கப்பட்டால் தேட வேண்டிய அடுத்த தகவல் நேரம். அது கொடுக்கப்படாமல் நின்ற தூரம் கொடுக்கப்பட்டிருந்தால் சராசரி வேகத்தால் வகுத்துக்கொள்ளலாம்.

நாடா பெட்டிக்குள் 18 செ.மீ. உரசிக்கொண்டே போய் நிற்பதாக வைத்துக்கொள்வோம். வேகம் சீராகக் குறைந்தால் சராசரி வேகம் 6 மீ/வி, நேரம் 0.03 விநாடி. விசை 6 ÷ 0.03 = 200 நியூட்டன், ஏறக்குறைய 20 கிலோ மூட்டையின் எடை. அதே நாடா 1.8 செ.மீ.க்குள் நிற்க நேர்ந்தால் நேரம் பத்தில் ஒரு பங்காகி விசை 2,000 நியூட்டன் ஆகிவிடும். மரம் பிளக்கும், தார் நழுவும். பெட்டியின் பக்கச் சுவரை நாடாவின் மேல் அழுத்தி உரச வைப்பதும், கடைசியில் தோலை வைத்து அடியை வாங்குவதும் நேரத்தை நீட்டும் வேலைகள்தாம்.

ஆற்றலையும் ஒரு பார்வை பார்த்துவிடலாம். ½ × 0.5 × 144 = 36 ஜூல். ஒவ்வொரு ஓட்டத்திலும் இவ்வளவும் வெப்பமாகவும் சத்தமாகவும் கரைகிறது. நாடா இல்லாத தறிகள் வந்ததற்கு இந்த வீண்செலவும் ஒரு காரணம். 1953-இல் வெளிவந்த சுல்சர் தறியில் மரநாடாவுக்குப் பதிலாகச் சுமார் 40 கிராம் எஃகுத் துண்டு நூலைக் கவ்விக்கொண்டு ஓடுகிறது. விநாடிக்கு 25 மீட்டர் வேகத்திலும் அதன் உந்தம் 1 கி.கி. மீ/வி, ஆற்றல் 12.5 ஜூல். வேகம் இரண்டு மடங்கு, இடி ஆறில் ஒரு பங்கு.

கேரம் பலகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஒரு பொருள் சுவரிலோ பெட்டியிலோ மோதினால் மேலே சொன்ன முறை போதும். இரண்டு பொருள்கள் ஒன்றையொன்று மோதினால் இன்னொரு படி சேர்க்க வேண்டும்: இரண்டையும் சுற்றி ஒரு வட்டம் வரைவது. வட்டத்துக்குள் இருப்பவை ஒன்றையொன்று எவ்வளவு இடித்துக்கொண்டாலும் மொத்த உந்தம் மாறாது. வெளியிலிருந்து உராய்வு விசை வருகிறதே என்று கேட்கலாம். வருகிறது, ஆனால் மோதல் நடக்கும் அந்த மிகச் சிறிய நேரத்தில் அதன் கணத்தாக்கு கண்டுகொள்ள வேண்டாத அளவுக்குச் சிறியது. மோதல் முடிந்த பிறகோ எல்லாம் உராய்வின் ராஜ்ஜியம். இந்த எல்லைக்கோட்டைக் காணாமல் தாண்டுவதால்தான் முக்கால்வாசிக் கணக்குகள் தவறிப்போகின்றன.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். வேண்டியவை கேரம் பலகை, ஒரு காய், ஸ்ட்ரைக்கர், ரப்பர் பேண்டு, அளவுகோல். போட்டி விதிப்படி காய் 5 முதல் 5.5 கிராம், ஸ்ட்ரைக்கர் அதிகபட்சம் 15 கிராம். வேகத்தை அளக்கக் கருவி எதுவும் வேண்டாம், வழுக்கிய தூரமே வேகத்தைச் சொல்லிவிடும். ஒரே உராய்வில் நிற்கும் பொருள்களுக்கு, தூரம் வேகத்தின் வர்க்கத்தோடு கூடும். ஆகவே தூரத்தின் வர்க்கமூலத்தை வேகத்துக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம்.

ஸ்ட்ரைக்கர் பிளாஸ்டிக், காய் மரம். இரண்டின் உராய்வும் வேறு. இரண்டின் அடியிலும் ஒரே தாளை வட்டமாக வெட்டி ஒட்டிவிட்டால் அந்தச் சிக்கல் தீர்ந்தது. அடுத்து ரப்பர் பேண்டை இரண்டு கனமான பொருள்களுக்கு இடையே கட்டி, ஸ்ட்ரைக்கரை ஒவ்வொரு முறையும் ஒரே கோடு வரை இழுத்து விட வேண்டும். விரலால் சுண்டினால் வேகம் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும்.

மோதல் நடக்கப்போகும் இடத்தில் ஸ்ட்ரைக்கரையும் காயையும் ஒட்டவைத்து, இரண்டின் பின்விளிம்பிலும் பென்சிலால் குறிக்க வேண்டும். முதலில் காயை எடுத்துவிட்டு ஸ்ட்ரைக்கரை மட்டும் விட்டு, குறியைத் தாண்டி எவ்வளவு போகிறது என்று பார்க்க வேண்டும். பிறகு காயை வைத்து, அதே இழுப்பில் நேருக்கு நேர் மோதவிட வேண்டும். பக்கவாட்டில் பட்டால் அந்த முறையைத் தள்ளிவிடலாம். ஐந்து முறை செய்து சராசரி எடுத்தால் நல்லது.

காய் இல்லாதபோது 30 செ.மீ., மோதிய பின் ஸ்ட்ரைக்கர் 9 செ.மீ., காய் 55 செ.மீ. என்று கிடைத்ததாக எடுத்துக்கொள்வோம். வர்க்கமூலங்கள் 5.48, 3, 7.42. மோதலுக்கு முன் 15 × 5.48 = 82.2. பின் 15 × 3 + 5 × 7.42 = 82.1. உந்தம் காப்பாற்றப்பட்டுவிட்டது. ஆற்றலுக்கு வர்க்கமூலம்கூட வேண்டாம், நிறையைத் தூரத்தால் பெருக்கினால் போதும். முன் 15 × 30 = 450. பின் 135 + 275 = 410. சுமார் 9 சதவீதம் அந்த ‘டொக்’ சத்தத்திலும் சூட்டிலும் போய்விட்டது.

விலகும் வேகத்தை நெருங்கும் வேகத்தால் வகுத்தால் மீட்சிக் குணகம்: (7.42 – 3) ÷ 5.48, ஏறக்குறைய 0.8. முழு மீட்சி மோதல் என்றால் 1, ஒட்டிக்கொண்டால் 0. நியூட்டனே இதை நூலில் கட்டிய உருண்டைகளை மோதவிட்டு அளந்திருக்கிறார். 1687-இல் வெளிவந்த ‘பிரின்கிபியா’வில், இறுக்கிச் சுருட்டிய கம்பளி உருண்டைகள் 9 பங்கு வேகத்தில் நெருங்கி 5 பங்கு வேகத்தில் விலகியதாகவும், கண்ணாடி உருண்டைகளுக்கு அது 16-க்கு 15 என்றும் எழுதுகிறார். கேரம் காய் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. 1991-லும் 1995-லும் உலகப் பட்டம் வென்ற சென்னையின் மரிய இருதயம் போன்றவர்களுக்கு இந்த எண் விரல் நுனியில் இருந்திருக்க வேண்டும்.

கரூர் ரோட்டில் நான்கு மீட்டர்

இனி உந்தத்தையும் ஆற்றலையும் சேர்த்துப் பார்க்கும் கணக்கு. வெள்ளகோவில் வழியாகக் கோவையையும் கரூரையும் திருச்சியையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 81 போகிறது. முருங்கைக்காய் ஏற்றிய 2,000 கிலோ சரக்கு வண்டி ஒன்று ரோட்டில் நிற்கிறது. 1,200 கிலோ கார் பின்னால் வந்து மோதுகிறது. இரண்டும் சிக்கிக்கொண்டு, சக்கரங்கள் உருளாமல் 4 மீட்டர் தேய்த்துக்கொண்டே போய் நிற்கின்றன. சம்பவம் கற்பனை. கார் என்ன வேகத்தில் வந்தது?

அவசரக்காரர் ஆற்றலைக் கையில் எடுப்பார். உலர்ந்த தார்ச்சாலையின் உராய்வுக் குணகம் 0.7, g = 10 என்று கொண்டால் உராய்வு செய்த வேலை 0.7 × 3,200 × 10 × 4 = 89,600 ஜூல். இதுதான் காரின் இயக்க ஆற்றல் என்று சமன்செய்தால் வேகம் விநாடிக்கு 12.2 மீட்டர், அதாவது மணிக்கு 44 கி.மீ. “சார், மெதுவாத்தானுங்க வந்தேன்” என்று ஓட்டுநர் சொல்வதற்குக் கணக்கே சாட்சி ஆகிவிடும்.

சரியான வழி பின்னாலிருந்து முன்னால் வருவது, அதுவும் இரண்டு துண்டாக. மோதலுக்குப் பிறகான துண்டில் மட்டும் ஆற்றல்: 3,200 கிலோவும் சேர்ந்து 4 மீட்டர் தேய்ந்தது என்றால் தொடக்க வேகம் 2 × 0.7 × 10 × 4-இன் வர்க்கமூலம், சுமார் 7.5 மீ/வி. மோதல் துண்டில் உந்தம் மட்டும்: 1,200 × v = 3,200 × 7.5, v = 20 மீ/வி. மணிக்கு 72 கி.மீ.

44-க்கும் 72-க்கும் இடையே காணாமல் போனதை இப்போது கண்டுபிடிக்கலாம். மோதலுக்கு முன் ஆற்றல் 2,40,000 ஜூல், மோதி முடிந்த கணத்தில் 90,000. நடுவில் போன ஒன்றரை லட்சம் ஜூல் காரின் பானட்டை மடக்கவும் வண்டியின் பின்கதவை நசுக்கவும் செலவானது. கேரமில் 9 சதவீதம் போனது, இங்கே 62.5 சதவீதம். உந்தம் மட்டும் இரண்டிலும் சல்லிக்காசு குறையவில்லை.

கடைசிப் படி, காருக்குள் இருப்பவர். அவருக்கும் தனியாக ஒரு வட்டம் வரைய வேண்டும். 20-இலிருந்து 7.5-க்கு, விநாடிக்கு 12.5 மீட்டர் வேகம் குறைகிறது. 70 கிலோ ஓட்டுநருக்குக் கணத்தாக்கு 875 நியூட்டன் விநாடி. சீட் பெல்ட்டும் மடங்கும் பானட்டும் சேர்ந்து அதை 0.1 விநாடிக்கு நீட்டினால் விசை 8,750 நியூட்டன். பெல்ட் இல்லாமல் ஸ்டீயரிங்கில் போய் 0.01 விநாடியில் நின்றால் 87,500. பின்சீட்டில் பெல்ட் போடாமல் வரும் 50 கிலோ ஆளுக்கு இதே கணக்கில் 625 நியூட்டன் விநாடி. அதை வாங்கிக்கொள்வது முன்சீட்டின் முதுகும், அதில் உட்கார்ந்திருப்பவரும்.