கொள்ளுத்தாத்தாவோடு நின்றுபோகும் தேடல்: அடுத்து எந்த வழி?

கம்பம் பள்ளத்தாக்கில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வம்சாவளி தேடும் ஆர்வம் வந்திருக்கிறது. அதில் எனக்கு நிறைந்த சந்தோஷம். ஆனால் தேடல் நின்றுபோனதும் அவர்கள் எடுக்கும் முடிவுகளைப் பார்த்தால் கவலையாக இருக்கிறது. கொள்ளுத்தாத்தா வரை விறுவிறுவென வந்துவிடுகிறார்கள். அதற்கு மேல் பெயர் கிடைப்பதில்லை. உடனே ஒருவர் யூடியூபில் பார்த்த டி.என்.ஏ. சோதனைக்குப் பணம் கட்டுகிறார். இன்னொருவர் வீட்டில் அப்பா, “நாம ராஜ வம்சம்டா, நிரூபிச்சுக் காட்டு” என்று நச்சரிக்கிறார். பிள்ளையும் ஏதோ ஒரு பாண்டியனோடு முடிச்சுப் போட்டு எழுதிக் கொடுத்துவிடுகிறது.

பெரியவர்களிடம் கேட்பது, பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு, பிறப்பு இறப்புப் பதிவு, கிறிஸ்தவக் குடும்பமென்றால் ஞானஸ்நானப் பதிவேடு எல்லாம் உங்களுக்கே தெரிந்தவை. தாத்தா கள்ளர் சீரமைப்புப் பள்ளியில் படித்திருந்தால் அங்கேயும் ஒரு நடை போய்விட்டு வாருங்கள். இவை முடிந்தபிறகு என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

டி.என்.ஏ. மோகத்துக்கு நம் பக்கத்தில் ஒரு காரணம் உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிச்சப்பனும் ஸ்பென்சர் வெல்ஸும் செய்த ஆய்வில், உசிலம்பட்டிப் பக்கத்து இளைஞர் ஒருவரிடம் எம்130 என்ற மரபணுக் குறி கிடைத்தது. ஆப்பிரிக்காவிலிருந்து கடலோரமாகவே ஆஸ்திரேலியா வரை போன ஆதி மனிதர்களின் தடம் அது. மகத்தான ஆய்வுதான். ஆனால் அது பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கதை. அந்த இளைஞரின் பூட்டன் எந்த ஊரில் பிறந்தார் என்று அந்தக் குறி சொல்லாது. பணம் கட்டிச் செய்துகொள்ளும் சோதனையோ, அதே நிறுவனத்துக்கு எச்சில் அனுப்பிய உறவினர்களை மட்டுமே காட்டும். நமக்கு வேண்டிய நூற்றைம்பது, இருநூறு வருஷம் இந்த இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நம் மரபணுவில் கொள்ளுத்தாத்தாவின் பங்கு சராசரியாக எட்டில் ஒன்று. அவருடைய அப்பாவின் பங்கு பதினாறில் ஒன்று. இப்படிப்பட்ட கணக்கை வைத்துத்தான் உறவின் நெருக்கத்தைச் சொல்கிறார்கள். மாமன் மகளையும் அக்கா மகளையும் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்கொண்ட வீடுகளில் ஒரே முன்னோர் இரண்டு மூன்று வழியில் வந்து சேர்வார். அதனால் தூரத்துச் சொந்தமும் கிட்டத்துச் சொந்தமாகத் தெரியும். அதை நம்பி மரம் வரைந்தால் அத்தனையும் தப்பாகும். பூர்வீகம் கேட்டாலும் சதவீதத்தில் தென்னிந்தியா என்றுதான் வரும். சின்னமனூரா கூடலூரா என்று வராது.

சோதனைக்குக் கொடுக்கும் மரபணுத் தகவல் எங்கே போகிறது என்பதையும் யோசியுங்கள். இப்படிச் சோதனை செய்யும் டுவென்டிதிரீ அண்ட் மீ நிறுவனத்திலிருந்து 2023-இல் சுமார் 69 லட்சம் பேரின் விவரம் திருடுபோனது. 2025 மார்ச்சில் அந்த நிறுவனம் திவால் மனுப் போட்டது. அம்மா, அக்கா, நாளைக்குப் பிறக்கப்போகும் பிள்ளை எல்லோருக்கும் சொந்தமான ஒன்றை, அவர்களைக் கேட்காமல் தூக்கிக் கொடுக்க நமக்கு உரிமை இல்லை.

இங்கே தேடல் நிற்பதற்குப் பெரும்பாலும் காரணம், ஆவணம் வேறு இடத்தில் இருப்பதுதான். தேனி மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்ததே 1996-இல்தான். வெள்ளைக்காரன் காலத்தில் கம்பமும் போடியும் பெரியகுளம் தாலுகாவில் இருந்தன. போடி போன்ற ஜமீன் பகுதிகளில் 1948-இன் ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்கு முந்தைய கணக்கு ஜமீன் வசம் இருந்தது. ஏலத்தோட்டத்துக்கு மலையேறிய குடும்பமென்றால், இடுக்கி மாவட்டம் உருவானது 1972-இல். அதற்கு முன் கோட்டயம், இன்னும் முன்னால் திருவிதாங்கூர். 1895-இல் பெரியாற்றுத் தண்ணீர் திறந்தபிறகு பிழைப்புத் தேடி இங்கே வந்த குடும்பங்களும் நிறைய. அவர்களுடைய பூட்டனை இங்கே தேடிப் பயனில்லை. மகா சிவராத்திரிக்கு எந்த ஊர்க் குலதெய்வத்தைக் கும்பிடப் போகிறீர்கள்? பெரும்பாலும் அந்தத் திசையிலிருந்துதான் வந்திருப்பீர்கள்.

என்னைக் கேட்டால் பழைய பத்திரத்துக்கு ஈடு எதுவும் இல்லை. ஒரு கிரையப் பத்திரத்தை விரித்து வையுங்கள். வாங்கியவர், விற்றவர் பெயரோடு நிற்காமல் நான்கெல்லைக்கு வாருங்கள். இன்னார் புஞ்சைக்கு மேற்கு, வாய்க்காலுக்குத் தெற்கு, இன்னார் கிணற்றுக்கு வடக்கு என்று போகும். அந்த இன்னார்களில் ஒருவராவது பெரும்பாலும் பங்காளியாக இருப்பார். அண்ணன் தம்பி பாகம் பிரித்த நிலம் அடுத்தடுத்துத்தானே கிடக்கும்? நேர்மேலே போக முடியாதபோது இப்படிப் பக்கவாட்டில் போக வேண்டும். கடைசியில் சாட்சிகள் இருப்பார்கள். மைத்துனரோ மாமனோ கைநாட்டு வைத்திருந்தால் பாட்டி வீட்டு வழி திறக்கும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். பேரனுக்குத் தாத்தா பெயரை வைக்கிற வழக்கத்தால் ஒரே பெயர் தலைமுறை விட்டுத் தலைமுறை திரும்ப வரும். தகப்பன் பெயரையும் தேதியையும் பார்க்காமல் இரண்டு பேரை ஒருவராக்கிவிடாதீர்கள்.

பத்திரம் இல்லாத, நிலமே இல்லாத வீடுகளுக்கு மொய் நோட்டு இருக்கிறது. திருப்பிச் செய்ய வேண்டிய கடன் என்பதால் அதை யாரும் எளிதில் தூக்கிப் போடுவதில்லை. ஊர், பெயர், தொகை, சில நோட்டுகளில் தகப்பன் பெயர், தாய்மாமன் சீர் தனியாக: ஒரு கல்யாணத்தன்று யாரெல்லாம் சொந்தமென்று நம் ஆட்களே எழுதிவைத்த கணக்கு அது. இதை வரலாற்று ஆவணமாக யாரும் மதிப்பதில்லை என்பது எனக்குப் பெரிய ஆதங்கம்.

எந்த வழி என்பது உங்கள் சுபாவத்தைப் பொறுத்தது. காகிதம் பிடிக்கிற பிள்ளை சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துக் காத்திருக்கட்டும். பேச்சு பிடிக்கிற பிள்ளை அப்பத்தாவிடம் உட்காரட்டும். அவளுக்கு வெற்றிலை இடித்துக் கொடுத்தபடி கேட்கட்டும். அப்பாவின் ஆசைக்காக ராஜாவைத் தேடாதீர்கள். உங்கள் பூட்டன் பெரியாறு அணைக் கட்டுமானத்தில் கல் சுமந்தவர் என்று தெரியவந்தால் அதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும்?

சலிப்புத் தட்டினால் சில மாதம் மூடி வையுங்கள், தப்பில்லை. மூடுமுன் உறுதியானது எது, யாரோ சொன்னது எது, உங்கள் ஊகம் எது என்று தனித்தனியாக எழுதிவிடுங்கள். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு வெளியூர்ச் சொந்தங்கள் வருவார்கள். அப்போது பத்திர நகலோடும் மொய் நோட்டோடும் போய், நான்கெல்லையில் இருக்கிற பெயர்களை முதலில் வாசித்துக் காட்டுங்கள்.